போர்த் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியான கதை: ‘ஸ்போர்ட்டர்’ ரைஃபிள் ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் விற்கும் கடைகளில் ஒரு வகை ரைஃபிள் அடிக்கடி கண்ணில் படும். உலோகப் பகுதியில் 1909 அல்லது 1917 போன்ற ஓர் ஆண்டும், ஏதோ ஓர் அரசின் படைக்கலச் சாலையின் முத்திரையும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதைத் தாங்கும் மரமோ எந்தப் படைவீரனும் கண்டிராத அழகுடையதாக இருக்கும்: வரிவரியாக ஓடும் வால்நட் மரம், பிடிக்கும் இடத்தில் கையால் செதுக்கிய சாய்சதுரக் கட்டங்கள், மேலே ஒரு தொலைநோக்கி. போருக்காகப் பிறந்த துப்பாக்கி ஒன்றை வேட்டைக்கும் குறிபார்த்தல் போட்டிக்கும் ஏற்றதாக யாரோ மாற்றியிருக்கிறார் என்பது அதன் பொருள். இப்படி மாற்றப்பட்ட ரைஃபிளை ஆங்கில உலகில் ‘ஸ்போர்ட்டர்’ என்பார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அங்கே பல்லாயிரம் பேரின் ஓய்வு நேரத்தை நிறைத்த கைத்தொழில் இது. துப்பாக்கியைக் கையில் எடுத்தே பார்த்திராதவருக்கும் புரியும்படி, இந்த மாற்றங்கள் எவை, அவை ஏன் தேவைப்பட்டன, எந்த இடத்தில் கை வைக்கவே கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சில பெயர்கள். ரைஃபிள் என்பது குழலின் உட்புறத்தில் சுருள் வடிவப் பள்ளங்கள் வெட்டப்பட்ட துப்பாக்கி. அந்தப் பள்ளங்கள் ஒற்றைக் குண்டைப் பம்பரம் போலச் சுழலவைத்து நேராக அனுப்புகின்றன. ஷாட்கன்னின் குழல் உள்ளே வழவழப்பானது. அது ஒரு குண்டுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான சிறு ஈய ரவைகளைக் கூட்டமாகச் செலுத்துகிறது. இரண்டிலும் குழலின் பின்முனை பொருந்தியிருக்கும் எஃகுக் கூட்டுக்கு ரிசீவர் என்று பெயர். நாம் பேசப்போகும் ரைஃபிள்களில் அந்த ரிசீவருக்குள் போல்ட் என்னும் எஃகுத் தண்டு முன்னும் பின்னும் நகரும். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளித் திருப்பிப் பூட்டுவது போலவே, போல்ட்டை முன்னால் தள்ளிக் கைப்பிடியைக் கீழே திருப்பினால் தோட்டா குழலுக்குள் போய் அமரும், பின்வாசல் பூட்டிக்கொள்ளும். இவை அனைத்தையும் தாங்கி, ஒரு முனை சுடுபவரின் தோளிலும் இன்னொரு முனை இடக்கையிலும் படும்படி நீளும் மரப் பகுதியே கட்டை. ஸ்போர்ட்டர் செய்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கட்டையில்தான் கழிகிறது.

படைத் துப்பாக்கியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

விலை ஒரு காரணம். ஆனால் அது பின்னால் வந்தது. முதற்காரணம் தரம். ஜெர்மனியின் பால் மௌசர் வடிவமைத்து 1898-இல் அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்ட ரைஃபிள், போல்ட் வகைத் துப்பாக்கிகளின் தாய் என்று சொல்லத்தக்கது. அதன் போல்ட்டில் முன்பக்கம் இரண்டு பூட்டுப் பற்கள் உண்டு. அவை இரண்டும் உடைந்தாலும் சுடுபவரின் முகத்தைக் காக்க, பின்பக்கம் மூன்றாவதாக ஒரு பல்லும் உண்டு. தோட்டாவின் அடிப்பகுதி சிதைந்து வாயு கசிந்தால் அதை முகத்தை விட்டு வேறுபுறம் திருப்பிவிடத் துளைகளும் தடுப்பும் இருந்தன. நீண்ட உறுதியான ஒரு கொக்கி, தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும் கணத்திலேயே அதைப் பற்றிக்கொண்டு, சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியே எறியும்வரை விடாது. சேற்றிலும் பனியிலும் ஒரு சாதாரண வீரனின் கையில் இயங்க வேண்டிய பொருள் என்பதால் எஃகிலும் வேலைப்பாட்டிலும் சிக்கனம் காட்டப்படவில்லை. அமெரிக்கா 1903-இல் ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் மௌசரின் காப்புரிமைகளை அவ்வளவு நெருக்கமாகத் தழுவியிருந்ததால், அந்நாட்டு அரசு மௌசர் நிறுவனத்துக்கு 2,00,000 டாலர் உரிமத் தொகை செலுத்த வேண்டியதாயிற்று.

ஆனால் இதே துப்பாக்கியை வேட்டைக்காரர் ஒருவர் தோளில் வைத்துப் பார்த்தால் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஜெர்மானிய 1898 ரைஃபிளின் குழல் 740 மி.மீ. நீளம், புதர்க்காட்டுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நுழைவது எளிதன்று. குழலைச் சுற்றி ஏறத்தாழ முனைவரை மரம் ஓடுகிறது. குழல் சூடேறினாலும் கை சுடாமல் இருப்பதற்கும், ஈட்டி முனை பொருத்திக் குத்துவதற்கும் அது தேவைப்பட்டது. வேட்டைக்கு அது வெறும் சுமை. இலக்கை நோக்க உதவும் பார்வைக் குறியை எடுத்துக்கொண்டால், அந்த ரைஃபிளில் அதைப் பொருத்தக்கூடிய மிகக் குறைந்த தொலைவே 400 மீட்டர், உச்சத் தொலைவு 2,000 மீட்டர். நூறு மீட்டரில் நிற்கும் மானை அந்தக் குறி வழியே பார்த்துச் சுட்டால் குண்டு மேலே போய்விடும். போல்ட்டின் கைப்பிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடியை மேலே உயர்த்தினால், தொலைநோக்கி பொருத்தியிருக்கும் இடத்தில் அது இடிக்கும். தவறிச் சுடாமல் தடுக்கும் பாதுகாப்புத் தாழும் மேல்நோக்கி எழுந்து நிற்பதால் அதே சிக்கல். ஸ்போர்ட்டர் என்று ஒரே சொல்லில் சொன்னாலும், உண்மையில் அது இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட தீர்வுகளின் தொகுப்பு.

தச்சர்களும் ஒரு குடியரசுத் தலைவரும்

இக்கலை பரவியதில் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தபோதே அவர் புதிய ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் ஒன்றை வேட்டைக்கு ஏற்ற கட்டையுடன் செய்து தரும்படி அரசின் படைக்கலச் சாலையிடமே கேட்டுப் பெற்றார். பதவிக்காலம் முடிந்ததும் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற நெடும் பயணத்தில் அதை எடுத்துச் சென்றார். ஏறத்தாழ அதே காலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொழில் செய்துவந்த லுட்விக் வுண்ட்ஹாமர் என்னும் கைவினைஞர், ஸ்டூவர்ட் எட்வர்ட் வைட் என்ற எழுத்தாளருக்காக ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் புதிய கட்டை செதுக்கிக் கொடுத்தார். வலக்கை பற்றும் இடத்தில் உள்ளங்கையின் குழிவை நிரப்பும்படி மரத்தில் ஒரு மெல்லிய புடைப்பை விட்டார் அவர். அந்தப் புடைப்பு இன்றுவரை அவர் பெயராலேயே வழங்குகிறது. மரத்தில் ஒரு சிறு மேடு விட்டதற்காக ஒரு கைவினைஞரின் பெயர் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்பது எனக்கு என்றும் வியப்பூட்டும் செய்தி. கை எங்கே வலிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று அவர் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

நியூயார்க்கில் சீமோர் கிரிஃபின் என்ற மரச்சாமான் தச்சரும் தம் ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தாமே கட்டை செய்துகொண்டு, பிறகு நண்பர்களுக்கும் செய்யத் தொடங்கினார். உலோக வேலையில் தேர்ந்த ஜேம்ஸ் ஹோ அவருடன் சேர்ந்து 1923-இல் ‘கிரிஃபின் அண்ட் ஹோ’ என்னும் நிறுவனம் பிறந்தது. எர்னெஸ்ட் ஹெமிங்வே 1930-இல் அங்கே ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு ஸ்போர்ட்டரை வாங்கி, தம் ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்தில் பயன்படுத்தினார். பொழுதுபோக்காகச் செய்பவர்கள் அந்நாளில் எட்ட முயன்ற அளவுகோல் இத்தகைய வேலைப்பாடுதான். அது செல்வர்களின் பொருள்.

சாதாரண மக்களின் கைக்கு இது வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். ஐரோப்பிய நாடுகளும் தென்னமெரிக்க நாடுகளும் தானியங்கி வகைகளுக்கு மாறியபோது, கிடங்குகளில் குவிந்திருந்த மௌசர்களும் பிரிட்டனின் லீ-என்ஃபீல்டுகளும் இத்தாலியின் கார்க்கானோக்களும் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. செய்தித்தாள் விளம்பரத்தைக் கத்தரித்து, சில பத்து டாலர்களுடன் அஞ்சலில் அனுப்பினால் துப்பாக்கி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். புதிய வேட்டை ரைஃபிள் ஒன்றின் விலையை எட்ட முடியாத ஆலைத் தொழிலாளியும் உழவரும், குளிர்கால மாலைகளில் வீட்டின் கீழ்த்தளத்தில் அமர்ந்து, அரமும் உளியும் மணல்தாளும் கொண்டு தமக்கென ஒன்றை உருவாக்கினார்கள். பாதி செதுக்கிய கட்டைகளையும், விரலால் இழுத்துச் சுடும் புதிய விசைகளையும், தாழ்வான பாதுகாப்புத் தாழ்களையும் விற்பதற்கென்றே நிறுவனங்கள் தோன்றின.

அந்த வாசல் மூடிய கதை துயரமானது. 1963 நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்ற கார்க்கானோ ரைஃபிள், இவ்வாறே பொய்ப் பெயரில் அஞ்சல் வழியாக, தொலைநோக்கியுடன் சேர்த்து 19.95 டாலருக்கு வாங்கப்பட்டது. விளைவாக 1968-இல் இயற்றப்பட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநில எல்லை தாண்டி அஞ்சலில் தனியாருக்கு விற்பதையும், படைகள் கழித்த துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதையும் தடுத்தது. இறக்குமதித் தடை 1980-களில் பெருமளவு தளர்ந்தாலும், முகம் தெரியாதவருக்கு அஞ்சலில் துப்பாக்கி அனுப்பும் வழக்கம் திரும்பவில்லை. அது திரும்பாமல் இருப்பதே நல்லது.

உடலுக்கு ஏற்ற கட்டை

இனி இந்தப் பொழுதுபோக்கின் உள்ளத்துக்கு வருவோம். சட்டை தைப்பவர் தோளையும் கையையும் அளப்பது போலவே, கட்டை செய்பவரும் ஆளை அளக்கிறார். அவர் எடுக்கும் அளவுகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது இழுப்பு நீளம்: விசையிலிருந்து தோளில் பதியும் முனையின் நடுப்பகுதி வரையுள்ள தூரம். பெரும்பாலான பெரியவர்களுக்கு இது 13.5 முதல் 14.5 அங்குலத்துக்குள் அடங்கும். படைத் துப்பாக்கியின் கட்டை பொதுவாகச் சற்றே குட்டையானது. கனத்த மேலங்கியும் தோள்வாரும் அணிந்த, பல உயரங்களில் இருக்கும் லட்சக்கணக்கான வீரர்கள் எல்லோருக்கும் அது ஓரளவு பொருந்த வேண்டியிருந்தது. கட்டை மிகக் குட்டையாக இருந்தால், சுடும்போது பின்னுதையில் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். மிக நீளமாக இருந்தால் தோளுக்கு ஏற்றும்போது அக்குளில் சிக்கும்.

இரண்டாவது இறக்கம்: கண் பார்க்கும் கோட்டிலிருந்து கன்னம் படியும் மேல்விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்னும் அளவு. ஸ்போர்ட்டரின் தோற்றத்தையே மாற்றிய அளவு இதுதான். படைத் துப்பாக்கியின் குறி குழலை ஒட்டித் தாழ்வாக இருந்ததால் கன்னமும் தாழ வேண்டியிருந்தது. கட்டையும் சரிந்து இறங்கியது. அதன்மீது தொலைநோக்கியைப் பொருத்தியதும் பார்வைக் கோடு ஓர் அங்குலத்துக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. பழைய கட்டையில் கன்னத்தைப் பதித்தால் கண் தொலைநோக்கிக்குக் கீழே நிற்கும். தலையைத் தூக்கினால் கன்னத்துக்கு ஆதாரம் இல்லை. அந்தரத்தில் மிதக்கும் தலையோடு யாரும் ஒரே சீராகச் சுட முடியாது. ஆகவே மேல்விளிம்பை உயர்த்தி, ஏறத்தாழ நேர்கோடாக்கினார்கள். பின்னுதை அந்த நேர்கோட்டில் தோளுக்குள் செல்வதால் குழல்முனை மேலே துள்ளுவதும் குறைந்தது. பார்க்க எளிமையாக இருக்கும் அந்த நேரான கட்டை வடிவம், தொலைநோக்கி என்ற ஒரு புதிய கருவிக்கு மரம் சொன்ன பதில்.

மூன்றாவது பக்கச் சாய்வு: வலக்கைக்காரருக்குக் கட்டை மிகச் சிறிதளவு வலப்புறம் விலகி வளைந்திருப்பது. கண்ணைக் குழலின் நடுக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவர இது உதவுகிறது. ரைஃபிளில் இதன் பங்கு சிறியது. ஷாட்கன்னில் மிகப் பெரியது.

காரணம் இதுதான். ரைஃபிளால் சுடுபவர் முன்குறி, பின்குறி இரண்டையும் பொருத்திப் பார்க்கிறார். ஷாட்கன்னில் பின்குறி என்று ஒன்று இல்லை. சுடுபவரின் கண்ணே பின்குறி. போட்டியில் இலக்காகப் பறக்கவிடும் களிமண் தட்டை அவர் குறி பார்ப்பதில்லை, விரலால் சுட்டிக் காட்டுவது போலக் குழலால் சுட்டுகிறார். கட்டை கால் அங்குலம் உயர்ந்தால் கண்ணும் உயரும், ரவைக் கூட்டமும் மேலே போகும். அதனால்தான் லண்டனின் பழம்பெரும் துப்பாக்கிக் கடைகள் வாடிக்கையாளரை அளப்பதற்கென்றே, திருகுகளால் எல்லாப் பக்கமும் நகர்த்தக்கூடிய கட்டை கொண்ட அளவுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கின்றன. அதைத் தோளில் வைத்துச் சுடச் சொல்லி, அளவுகளைத் திருத்தித் திருத்தி, இறுதியில் கிடைக்கும் எண்களைக் கொண்டு மரத்தைச் செதுக்குவார்கள்.

மரத்தைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. வால்நட் விரும்பப்படுவதற்குக் காரணம், அது கனமில்லாமல் உறுதியாக இருப்பதும், செதுக்கும்போது சிம்பு சிம்பாகப் பெயராமல் உளிக்குக் கட்டுப்படுவதும்தான். மரத்துண்டு ஆண்டுக்கணக்கில் உலர வேண்டும்; ஈரம் மிச்சமிருந்தால் பின்னர் முறுகிக் குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். நேரான மர இழை பிடிமானப் பகுதியில் நீளவாக்கில் ஓட வேண்டும், அழகிய சுழிகள் பின்பகுதியில் மட்டும் வர வேண்டும். மாறி அமைந்தால் பிடிமானத்தில் பிளக்கும். எஃகுப் பகுதியில் விளக்குக்கரியைத் தடவி மரத்தின் குழியில் வைத்து எடுத்தால், எங்கெல்லாம் கரி ஒட்டுகிறதோ அங்கெல்லாம் மரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் மெல்லச் சீவி, மீண்டும் கரி பூசி, மீண்டும் வைத்து, எஃகும் மரமும் முழுவதும் ஒட்டும்வரை நூற்றுக்கணக்கான முறை இதைச் செய்வார்கள். இறுதியில் ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது வாரக்கணக்கில் நடக்கும். பொறுமை இல்லாதவருக்கு இது ஏற்ற வேலையன்று.

மரம் குழலைத் தொடலாமா என்பது இத்துறையில் பழைய விவாதம். மழைநாளில் மரம் பருத்துக் குழலை அழுத்தினால், நேற்றுப் பட்ட இடத்தில் இன்று குண்டு படாது. ஆகவே பலர் குழலுக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய இடைவெளி விடுகிறார்கள்; ஒரு தாளை மடித்து அந்த இடைவெளியில் தடையின்றி ஓட்டிப் பார்ப்பதே சோதனை. ரிசீவர் அமரும் இடத்தில் எபாக்சிப் பசையை நிரப்பி, எஃகின் அச்சையே மரத்தில் பதித்துவிடும் முறையும் உண்டு. அழகுக்குச் சற்றும் உதவாத, வெளியே தெரியாத இந்த வேலை, குறியின் சீர்மைக்குப் பளபளக்கும் கட்டையைவிட அதிகம் உதவுகிறது என்பது என் கணிப்பு.

ஷாட்கன்னில் ‘சோக்’

ஷாட்கன்னின் அளவே விந்தையானது. ‘12 போர்’ (bore, குழலின் உள்ளளவு) என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அந்தக் குழல். அதன் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. எண் கூடக்கூடக் குழல் ஒடுங்கும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்தக் குழலின் கடைசி இரண்டு மூன்று அங்குலம் சிறிதளவு ஒடுக்கப்பட்டிருப்பதே சோக். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் ஒடுக்கினால் நீர் தொலைவாகப் பாய்வதை ஒப்பாகச் சொல்லலாம். முழுச் சோக் என்பதுகூட ஒரு மில்லிமீட்டர் அளவு ஒடுக்கம்தான். ஆனால் 40 கெஜத் தொலைவில் 30 அங்குல வட்டம் வரைந்து சுட்டுப் பார்த்தால், ஒடுக்கமில்லாத குழல் ரவைகளில் சுமார் 40 விழுக்காட்டையும், முழுச் சோக் சுமார் 70 விழுக்காட்டையும் அந்த வட்டத்துக்குள் சேர்க்கிறது. பக்கத்தில் குறுக்கே பாயும் இலக்குக்கு விரிந்த கூட்டமும், தொலைவில் விலகிச் செல்லும் இலக்குக்கு நெருங்கிய கூட்டமும் வேண்டும். முன்பெல்லாம் சோக்கை மாற்ற வேண்டுமானால் குழலின் உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். எடுத்த எஃகைத் திரும்ப வைக்க முடியாது. வின்செஸ்டர் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்தது போன்ற திருகி மாற்றும் சோக்குகள் வந்தபின், ஒரே குழலுக்கு ஐந்தாறு ஒடுக்கங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடிகிறது. இந்தப் பொழுதுபோக்கில் புதியவர் தயங்காமல் செய்துகொள்ளக்கூடிய மாற்றம் இது.

தொடக் கூடாத இடங்கள்

இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டையில் நேரும் பிழை மரத்தை வீணாக்கும். பூட்டும் பகுதியில் நேரும் பிழை கண்ணைப் பறிக்கும். சுடும் கணத்தில் தோட்டாவுக்குள் எழும் அழுத்தம், ரைஃபிள்களில் ஒரு சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு என்னும் அளவை எளிதில் எட்டும். அதைத் தாங்குவது போல்ட்டின் பற்களும் ரிசீவரின் எஃகுமே. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா வந்து முட்டிநிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ‘ஹெட்ஸ்பேஸ்’ என்பார்கள். அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு கூடினாலும் பித்தளைக்கூடு நீண்டு கிழிந்து வாயு பின்னோக்கிப் பாயக்கூடும். ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் போட்டாலே இந்தத் தூரம் மாறிவிடும். அதற்கென்று செய்யப்பட்ட அளவுக்கட்டைகளைக் கொண்டு பயிற்சி பெற்ற துப்பாக்கிக் கம்மியர் சோதிக்காமல், பழைய படைத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவைக்கூடச் சுடக் கூடாது.

எஃகை வெளியிலிருந்து பார்த்து எடைபோட முடியாது என்பதற்கு ஸ்பிரிங்ஃபீல்டே சான்று. தொடக்க ஆண்டுகளில் அதன் ரிசீவர்களை உலையில் சூடாக்கிய தொழிலாளர்கள், எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தை முடிவு செய்தார்கள். வெயில் நாளில் ஒரு சிவப்பு மங்கலாகவும் மேகமூட்ட நாளில் அதே சிவப்பு பிரகாசமாகவும் தெரிந்தது. பலவற்றில் எஃகு அளவுக்கு மீறிச் சூடேறி, கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. சில ரிசீவர்கள் வெடித்த பின் நடந்த ஆய்வினால் 1918 அளவில் வெப்பமூட்டும் முறை மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் செய்யப்பட்டு 8,00,000-க்குக் குறைந்த வரிசை எண்ணும், ராக் ஐலண்டு படைக்கலச் சாலையில் செய்யப்பட்டு 2,85,507-க்குக் குறைந்த எண்ணும் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்று அன்றிலிருந்து எச்சரிக்கிறார்கள். எத்தனையோ பேர் இத்தகைய ரிசீவர்களுக்கும் அழகிய கட்டை செய்து பூட்டியிருக்கிறார்கள். மரத்தின் அழகு எஃகின் நோயை மறைத்துவிடுகிறது.

விசையை மிக மென்மையாக்குவதும் இதே வகை ஆபத்து. படைத் துப்பாக்கியின் விசை இரண்டு கட்டமாக இழுபடுவது பதற்றத்தில் இருக்கும் வீரனின் பாதுகாப்புக்காக. அதை அரத்தால் தேய்த்து இலகுவாக்கியவர்களின் துப்பாக்கிகள், கீழே வைத்த அதிர்ச்சியிலேயே வெடித்ததுண்டு. முழுமையாகச் செய்து விற்கப்படும் விசைத் தொகுதியை வாங்கி உரியவரிடம் கொடுத்துப் பொருத்துவதே முறை.

பிரிட்டனில் இந்த அச்சத்துக்கு நெடுநாளாகவே சட்ட வடிவம் உண்டு. லண்டன் துப்பாக்கிச் செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கத்தைவிட வலிய தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் மட்டுமே இவர்கள் முத்திரை குத்துவார்கள். குழலைக் கடைந்தோ வேறுவகையிலோ வலிமை குன்றும்படி மாற்றினால் பழைய முத்திரை செல்லாது. மறுபடியும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்கும் ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கும் குறைந்தால், அது 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையான பதிவு முறைக்குள் வந்துவிடும்.

இந்தியாவில் இருக்கும் வாசகருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமன்றி, அதை மாற்றியமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும்கூடத் தொழில் உரிமம் வேண்டும். குழலைக் குட்டையாக்குவதையும், போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்குவதையும் அதன் 6-ஆம் பிரிவு உரிமமின்றிச் செய்யத் தடைசெய்கிறது. தம் பெயரில் உரிமம் பெற்ற துப்பாக்கியாக இருந்தாலும் வீட்டில் அமர்ந்து இவ்வேலைகளில் இறங்க இங்கே இடமில்லை. உரிமம் பெற்ற கம்மியரிடமே செல்ல வேண்டும்.

இந்தியாவுக்கும் ஸ்போர்ட்டருக்கும் உள்ள தொடர்பு வேறு திசையிலிருந்து வருகிறது. பிரிட்டிஷ் ஆட்சி, படைகள் பயன்படுத்தும் .303 தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்று கருதியது. திருடப்பட்ட படைத் தோட்டா எதற்குப் பயன்படும் என்ற அச்சமே காரணம். எனவே லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் அதே இயக்க அமைப்பில், ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவை ஒட்டிய .315 அளவில் குடிமக்களுக்கான ரைஃபிள்கள் செய்யப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அந்த .315 ரைஃபிளைச் செய்துவந்தது. படை அமைப்பு, குடிமக்கள் தோட்டா, வெட்டிச் சுருக்கிய மரம்: மேல்நாட்டில் தனியாள் அரத்தோடு அமர்ந்து செய்ததை இங்கே அரசுத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது.

வெட்டிய மரம் ஒட்டுவதில்லை

1950-களில் ஒரு படைத் துப்பாக்கியை வெட்டியவர் தவறு செய்வதாக நினைக்கவில்லை. அதைப் போன்று கோடிக்கணக்கில் இருந்தன. இன்று அதே துப்பாக்கி, படையிலிருந்து வந்த நிலையிலேயே, உறுப்புகளில் பொறித்த வரிசை எண்கள் எல்லாம் ஒத்திருக்கும்படி கிடைத்தால் சேகரிப்பவர்கள் பெருவிலை தருகிறார்கள். அரைகுறையாக வெட்டப்பட்டது அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே போகிறது. தேர்ந்த கைவினைஞர் செய்த ஸ்போர்ட்டருக்கு மட்டும் தனி மதிப்பு உண்டு. இடையில் இருக்கும் பெரும்பான்மைக்கு, செய்தவரின் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கும் அன்பைத் தவிர வேறு மதிப்பில்லை. அந்த அன்பைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் இன்று தொடங்குபவர் புதிதாக ஒன்றை வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லவேளையாக வெட்ட வேண்டிய தேவையும் இப்போது இல்லை. எவரோ எப்போதோ வெட்டிவிட்ட ரைஃபிள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் மோசமான கட்டையைக் கழற்றி நல்ல கட்டை செய்து கொடுப்பது, எதையும் அழிக்காமல் கலையைக் கற்கும் வழி. பழைய கட்டையைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, துளையிடாமல் பொருத்தக்கூடிய தொலைநோக்கித் தாங்கியையும் ஆயத்தக் கட்டையையும் பூட்டுவோரும் உண்டு. இன்னும் சிலர் எதிர்த்திசையில் நடக்கிறார்கள்: ஸ்போர்ட்டரான லீ-என்ஃபீல்டுக்கு அந்தக் காலத்து முன்மரமும் வளையங்களும் தேடிச் சேர்த்து, அதைத் திரும்பப் படைத் துப்பாக்கியாக்குகிறார்கள். ஆனால் தொலைநோக்கிக்காக ரிசீவரின் மேல் இட்ட துளைகளை எந்த மரமும் மறைப்பதில்லை. திருகு போட்டு அடைத்து, மெருகேற்றி, நீலம் பூசினாலும், பழகியவர் விரல்நுனியால் தடவி அவற்றைக் கண்டுபிடித்துவிடுகிறார்.